வேலிக்குச் சொன்ன முதல் விலை

காலையில் முதல் சங்கு ஊதுவதற்கு அரைமணி நேரம் முன்பே கன்னையன் ஜின்னிங் பேக்டரிக்குள் வந்துவிடுவார். கடமையுணர்ச்சி என்று முதலாளி சாமியப்பன் மெச்சிக்கொள்வதுண்டு. உண்மை வேறு. மோட்டார் ஓடத் தொடங்குமுன் பேரிங்குகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டுவிட்டால், ஓடுகிற ஷாப்ட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டிய தடவை இரண்டோ மூன்றோ குறையும். நாற்பத்தாறு வயதில் அவரால் மிச்சம் பிடிக்க முடிந்தது அது ஒன்றைத்தான்.

திருப்பூரில் அப்போது பனியன் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்துக்கொண்டிருந்தன. காதர்பேட்டையில் வடநாட்டு வியாபாரிகள் வந்து இறங்கினார்கள். அவர்கள் தொட்டுப் பார்த்து வாங்கிய பனியனுக்கு முன்னால் நூல் இருந்தது, நூலுக்கு முன்னால் பஞ்சு இருந்தது, பஞ்சுக்கு முன்னால் பருத்தி இருந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்குகிற இடம் இந்தப் பேக்டரி. நீளமான ஓட்டுக் கொட்டகை. ஒரே வரிசையில் இருபத்து நான்கு மெஷின்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண் நின்று பருத்தியை ஊட்டுவாள். பின்னால் கொட்டகையின் நீளத்துக்கு ஓர் இரும்பு ஷாப்ட் முழங்கால் உயரத்தில் சுற்றும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தோல் பெல்ட் போகும்.

பெல்ட் கழன்றால் மாட்டுவது கன்னையனின் வேலை. ஷாப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு மூங்கில் கம்பால் பெல்ட்டைத் தள்ளி ஏற்ற வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டும் ஏற்றலாம். ஆனால் ஒரு பெல்ட்டுக்காக நிறுத்தினால் இருபத்து நான்கு மெஷினும் நிற்கும். மறுபடி வேகம் பிடிக்கக் கால்மணி நேரமாகும். "நிறுத்தாம மாட்டத் தெரிஞ்சவனுக்குத்தான் இங்க வேலை" என்பது மேஸ்திரி பழனிமுத்துவின் சட்டம். அப்படி மாட்டுவதற்காகக் கன்னையனுக்கு மற்றவர்களைவிட நாளுக்கு இருபத்தைந்து பைசா கூடுதல்.

1971ஆம் வருஷம் ஆனி மாதம், வரிசையின் மறுபாதியைப் பார்த்துக்கொண்டிருந்த சுப்பண்ணனின் கம்பு வழுக்கியது. கை போனது, கையோடு ஆளும் போனார். பேக்டரி தொடங்கி இருபத்து நான்கு வருஷத்தில் அவர் மூன்றாவது ஆள். அந்த ஆண்டு ஆயுதபூஜைக்கு முதலாளி வழக்கமான ஒரு பூசணிக்காய்க்குப் பதில் இரண்டு பூசணிக்காய் உடைத்தார். ஷாப்ட்டுக்குச் சந்தனம் பூசி எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஷாப்ட் அன்று ஓடாததுதான் காரணம்.

சுப்பண்ணனின் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. இருபத்து நான்கு பெல்ட்டும் கன்னையன் தலையில் விழுந்தன. வலது முழங்கால் மடங்க மறுத்தது. பக்கத்தில் இருக்கும் பொருள் கலங்கித் தெரிந்தது. அடுத்த சீசன் மாசியில் தொடங்கி ஆடியில் முடியும். அதற்குள் ஷாப்ட்டைச் சுற்றித் தடுப்பு வராவிட்டால் நாலாவது ஆள் தான்தான் என்று அவர் யாரும் சொல்லாமலே அறிந்திருந்தார். அவர் மனைவி மாரக்காளும் அறிந்திருந்தாள். சாயங்காலச் சங்கு ஊதியது முதல் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரைக்கும் அவள் அடுப்பில் எதையும் ஏற்ற மாட்டாள்.

ஓடுகிற ஷாப்ட்டுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. இருபத்து மூன்று வருஷமாகச் சட்டம் புத்தகத்தில் கிடந்தது, ஷாப்ட் கொட்டகையில் சுற்றிக்கொண்டிருந்தது. சுப்பண்ணன் செத்த பிறகு பேக்டரி இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து பார்த்தார். கம்பிவலைத் தடுப்பும், வெளியே நின்றே பெல்ட்டைத் தள்ளி ஏற்றும் நெம்புகோலும் வைக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். முதலாளி விசாரித்தார். இரண்டாயிரத்து நானூறு ரூபாய் ஆகும். எட்டு வருஷம் உழைக்கும். இவ்வளவு செலவு தேவைதானா என்று மேலே ஒரு மனுப்போட்டார். மனுவோடு படித்தவர் ஒருவருடைய ஆராய்ச்சியும் சேர்ந்தால் நல்லது என்று அவருடைய வக்கீல் சொன்னார்.

மார்கழியில், மெஷின்களைக் கழற்றித் துடைக்கும் நாட்களில், கோயமுத்தூரிலிருந்து ஞானசம்பந்தம் என்ற பொருளாதார விரிவுரையாளர் வந்தார். கடற்கரை ஊரில் பிறந்தவர், முப்பது வயது, நல்ல மனிதர். கைநிறையக் கேள்வித்தாள். ஆபீஸ் அறையில் முதலில் கன்னையனைத்தான் கூப்பிட்டார்.

"உட்காருங்க."

"பரவால்லீங்க. நின்னே பழக்கமுங்க."

"இந்தத் தடுப்பு வந்தா, எட்டு வருஷத்துல ஒரு சாவு குறையும்னு கணக்கு. அந்த ஒருத்தர் யாருன்னு யாருக்கும் தெரியாது. இங்க இருக்கற அறுபத்தோரு பேருக்கும் ஆபத்து கொஞ்சம் கொஞ்சம் குறையுது, அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம் குறையறதுக்கு, உங்க கூலியில ஒரு நாளைக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பீங்க?"

கன்னையன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, வேலி மொதலாளி போடறதுதானுங்களே?"

"உண்மையா எடுக்கப்போறதில்ல. கற்பனையா ஒரு கேள்வி."

"கற்பனைக் காசுங்களா?"

"ஆமா."

"அப்படீன்னா ஆயரம் ரூவா எழுதிக்கோங்க."

விரிவுரையாளர் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். உயிருக்கு யாரும் விலை போடவில்லை. ரோடு போட்டாலும் ஆஸ்பத்திரி கட்டினாலும், இதற்குமேல் செலவு செய்ய முடியாது என்று எங்கேயோ ஒரு கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். இதுவரை அந்தக் கோட்டை மேலே இருப்பவர்கள் தங்கள் இஷ்டத்துக்குக் கிழித்தார்கள். ஆபத்தில் நிற்பவர்களையே கேட்டால் என்ன என்று வெளிநாட்டில் இப்போது யோசிக்கிறார்கள். எல்லோரும் தரச் சம்மதிப்பதைக் கூட்டினால் வேலியின் செலவைத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம். இதற்கு இன்னொரு வழியும் உண்டு.

"நீங்க ஓடுற ஷாப்ட்டுல பெல்ட் மாட்ட இருபத்தஞ்சு பைசா அதிகம் வாங்கறீங்க. அந்த ஆபத்துக்கு நீங்களே வெச்ச விலைன்னு அதை எடுத்துக்கலாம்."

"நானு வெக்கலீங்க. மேஸ்திரி வெச்சாரு. ஒரு ரூவா கேட்டனுங்க. கதவு அந்தப் பக்கம் இருக்குதுன்னாரு."

விரிவுரையாளர் இதையும் எழுதிக்கொண்டார். ஆனால் அவருடைய தாளில் இதற்கென்று கட்டம் ஏதும் இல்லாததால் ஓரத்தில் எழுதிக்கொண்டார். "நாளைக்கு ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக் கேட்பேன். யோசிச்சு வெச்சிருங்க" என்றார்.

அன்று மத்தியானம் சோற்றுப் போசியைத் திறந்த கையோடு எல்லோரும் கன்னையனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் மடத்துக்குளத்துப் பக்கம் மாடு கன்று வைத்துப் பிழைத்தவர். கிணறு வற்றியபின் ஊரை விட்டு வந்தவர். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். மாட்டுச் சந்தை தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு கைக்கும் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, வாங்குகிறவன் விற்கிறவனின் விரலைப் பிடிப்பான். முதலில் பிடிக்கிற விரல், பேச்சைத் தொடங்குவதற்காக மட்டுமே. அதை விற்கிறவன் உதறிவிட்டு எழுந்து போக வேண்டும். தரகர் கூப்பிட்டு மறுபடி உட்காரவைக்க வேண்டும். மூன்றாவது பிடியில்தான் நிஜம் வரும். முதல் பிடியிலேயே மனதில் உள்ளதைக் காட்டுகிறவனை மாடுகூட மதிக்காது என்று நினைக்கிற ஜனம்.

"மொதத் தடவைக்கு ரெண்டு பைசாவுக்கு மேல ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது" என்றார் கன்னையன். "அவரு பத்தாதும்பாரு. போயிட்டுத் திரும்பி வருவாரு. ரெண்டாந் தடவைக்கு மூணு. கடேசில அஞ்சு வரைக்கும் போலாம்."

"அவுருதான் கற்பனைக் காசுன்னாரே?" என்றான் மூட்டை தூக்கும் சென்னிமலை.

"காசுன்னு ஒருத்தன் வாயத் தொறந்தாக் கற்பனை ஏதுடா. கடேசில நம்ம மடியிலதான் கை வெப்பாங்க."

அவர் சொன்னதில் இந்தப் பாதி சரி. மற்றப் பாதி தவறு. இரண்டும் பின்னால் தெரிந்தது.

மறுநாள் அறுபது பேர் இரண்டு பைசா என்றார்கள். செல்லாத்தாள் மட்டும் கட்டுக்கு அடங்கவில்லை. பதினோராம் மெஷினில் பருத்தி ஊட்டுகிறவள், நாக்கு நீளம். "என்ற ஒரு நாள் கூலி முச்சூடும் எடுத்துக்கோங்க. செத்தா அதுவும் வராதல்லோ?" என்றாளாம். வருமானம் முழுவதையும் தருகிறேன் என்பது நம்பத்தக்க பதில் அல்ல என்று, முறைப்படி, அவள் தாளைத் தனியே எடுத்து வைத்துவிட்டார் விரிவுரையாளர். அன்று சொன்னவர்களில் நிஜத்தைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

பிறகு காத்திருந்தார்கள். தை போயிற்று. இரண்டாவது பேச்சுக்கு விரிவுரையாளர் வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருப்பார் என்றார் கன்னையன். மாசியில் மோட்டார் ஓடத் தொடங்கியது. வேலி இல்லாமல்தான். முதல் வாரத்தில் கன்னையன் நாற்பத்தோரு தடவை பெல்ட் மாட்டினார். ஒரு தடவை முழங்கால் மடங்கிக் கம்பு ஷாப்ட்டில் இடித்து மேலே பறந்து கூரை ஓடு ஒன்றை உடைத்தது. அவர் கீழே உட்கார்ந்து, தன் பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

"என்னப்பா, விரல எண்ணறயா?" என்று வந்தார் மேஸ்திரி பழனிமுத்து. "எண்ணு, எண்ணு. உங்க உசுருக்கு நீங்களே வெச்ச வெல வந்திருக்குது, கேட்டயா? ஆளுக்கு ரெண்டு பைசா, சீசனுக்கு நூத்தியெம்பது நாளு, மூணு ரூவா அறுவது பைசா. அறுவது பேருக்கு எட்டு வருசத்துக்குச் சேத்தாலும் ஆயரத்தி எழுநூத்தி இருவத்தெட்டு. வேலி ரெண்டாயரத்தி நானூறு. தொழிலாளிகளே அவ்வளவு பெறாதுங்கறாங்கன்னு பொஸ்தகம் மாதிரி அச்சடிச்சு வந்திருக்குது. மொதலாளி அத மனுவோட வெச்சுப் போட்டாரு."

மூன்று பைசா என்று சொல்லியிருந்தால் தாண்டியிருக்கும். கன்னையன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு நாள் ஆயிற்று. போட்டு முடித்ததை அன்று ராத்திரி மாரக்காளிடம் சொன்னார்.

"நீங்க சொன்னதத்தானே அல்லாரும் சொன்னாங்க" என்றாள் மாரக்காள்.

"ஆமா."

"அப்ப நீங்கதான் போயிச் சொல்லோணும்."

வார விடுமுறையன்று பஸ் பிடித்துக் கோயமுத்தூருக்குப் போனார். காலேஜில் விசாரித்து, விரிவுரையாளரின் வாடகை வீட்டைக் கண்டுபிடிக்க மத்தியானமாகிவிட்டது. ஞானசம்பந்தம் அவரை அடையாளம் கண்டுகொண்டு உட்காரச் சொன்னார். இந்தத் தடவை கன்னையன் உட்கார்ந்தார். நிற்க முடியவில்லை.

"நீங்க ரெண்டாந் தடவ வரவே இல்லீங்களே?"

"ரெண்டாவது தடவையா? எதுக்கு?"

கன்னையன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். விரிவுரையாளரின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, இரண்டு விரலைப் பற்றினார். பிறகு மூன்று. பிறகு ஐந்தையும். சந்தையில் விலை எப்படி ஏறும் என்று சொல்லி முடித்தார். விரிவுரையாளர் கையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப அந்த ரெண்டு பைசா..."

"பேச்சு எடுப்புக்குச் சொன்னதுங்க. நெசத்த ஆருங்க மொதல்லயே சொல்லுவா?"

"நெசம் எவ்வளவு?"

"அஞ்சு வரைக்கும் போலாம்னு பேசி வெச்சிருந்தமுங்க."

ஞானசம்பந்தம் நோட்டை இழுத்து வைத்துப் பெருக்கினார். அவர் முகம் மாறியது. "அஞ்சுன்னா வேலி தாராளமாப் போடலாம். நான்தான் தப்புப் பண்ணிட்டேன். முதலாளிக்கும் மேலே இருக்கறவங்களுக்கும் இன்னிக்கே கடிதம் எழுதறேன்."

கன்னையன் எழுந்திருக்கவில்லை. "ஒண்ணு கேக்கலாங்களா? மொதலாளிகிட்ட இதக் கேட்டீங்களா? அவுரு பையன் அந்த ஷாப்ட்டுப் பக்கத்துல நின்னா வேலிக்கு எவ்வளவு தருவாருன்னு?"

"அவர் நிறையச் சொல்வார். அவர்கிட்ட இருக்கு."

"அப்ப இல்லாதவனக் கேட்டாக் கம்மியாத்தானுங்க வரும்? எங்கிட்ட மூணு ரூவாக் கூலி. அதுல சோறு போக என்ன மிஞ்சுதோ அதுதானுங்க நான் சொல்ல முடியும். அது என்ற உசுரு எவ்வளவுங்கற கணக்காங்க, என்ற மடியில எவ்வளவுங்கற கணக்காங்க?"

"ரெண்டும் கலந்துதான் இருக்கு" என்றார் விரிவுரையாளர். "இதைப் படிச்சவங்களும் ஒத்துக்கறாங்க. வேற நல்ல வழி இன்னும் கிடைக்கல."

ஒத்துக்கொள்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஒத்துக்கொண்டபின் அதே தராசை எடுத்துக்கொண்டு மறுபடி ஏழை வீட்டு வாசலுக்கே வருவதுதான் வழக்கம். சட்டம் முதலாளியின் கடமை என்று எழுதிவைத்த வேலிக்கு, சாகப்போகிறவன் எவ்வளவு தருவான் என்று கேட்டதிலேயே பாதி அநியாயம் நடந்துவிட்டது. பதிலில் இருந்த தவறு அதற்கப்புறம்தான். கன்னையன் இப்படியெல்லாம் சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். வழியெல்லாம் முழங்கால் வலித்தது.

கடிதம் வேலை செய்தது. இரண்டே வாரத்தில் வண்டியில் கம்பிவலை வந்து இறங்கியது. வெல்டிங்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஷாப்ட்டின் நீளத்துக்கும் வலையடித்து, மெஷினுக்கு ஒரு நெம்புகோல் வைத்துவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை ஒரு பெல்ட் கழன்றது. கன்னையன் வலைக்கு இந்தப் பக்கம் நின்றபடி நெம்புகோலைத் தள்ளினார். பெல்ட் ஏறிக்கொண்டது. அவருக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. சென்னிமலை அவர் முதுகில் ஓங்கித் தட்டினான்.

சித்திரை முதல் தேதி வருஷக் கூலி உயர்வு வரும். பதினைந்து பைசா என்று போன வருஷமே பேசி முடித்தது. பழனிமுத்து அட்டையில் எழுதித் தொங்கவிட்டதில் பத்து பைசாதான் இருந்தது.

"மிச்சம் அஞ்சு பைசா எங்கீங்க மேஸ்திரி?" என்று கூட்டத்திலிருந்து சத்தம் வந்தது.

"வேலிக்கு. அஞ்சு பைசா தரத் தயார்னு உங்க ஆளு கோயமுத்தூர் வரைக்கும் போயி எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கறாரு. வேண்ணா அவரக் கேளுங்க." பழனிமுத்து கன்னையன் பக்கம் திரும்பினார். "அப்பறம் உனக்கு அந்த இருவத்தஞ்சு பைசாவும் இன்னீலிருந்து இல்ல. ஆபத்துக்குக் குடுத்தது. இப்ப ஆபத்தே இல்லியே?"

அறுபத்தோரு பேர், நாளுக்கு ஐந்து பைசா, எட்டு சீசன்: நாலாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய். வேலிக்கான செலவு போக முதலாளிக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் லாபம். செல்லாத்தாளின் பதிலைத்தான் நம்பத்தக்கதல்ல என்று தள்ளினார்கள். அவளுடைய ஐந்து பைசாவை மட்டும் தள்ளாமல் பிடித்துக்கொண்டார்கள். தொழிலாளரின் விருப்பத்தை மதித்து நடந்த முதலாளி என்று சாமியப்பனுக்கு ஒரு கூட்டத்தில் மாலை போட்டார்கள். தன் அறிக்கை இப்படிப் பயன்பட்டது தெரிந்து ஞானசம்பந்தம் முதலாளிக்கு இன்னொரு கடிதம் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை.

கன்னையன் பக்கத்தில் மத்தியானச் சோற்றுக்கு யாரும் உட்காருவதில்லை. சென்னிமலைகூட எட்டிப்போய் உட்கார்ந்தான். யாரும் சண்டை போடவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எட்டு வருஷத்தில் ஒருவர் சாகாமல் இருப்பார். அந்த ஒருவர் தான்தான் என்று அவருக்கே தெரியாது. அவர் பெண்டாட்டிக்கும் தெரியாது. சாகாதவர் வீட்டிலிருந்து யாரும் வந்து நன்றி சொல்லப் போவதில்லை. ஐந்து பைசாவோ வாராவாரம் அறுபத்தோரு மடியிலும் குறைந்தது. அது எல்லோருக்கும் தெரிந்தது.

"முப்பது பைசாப் போச்சு, ஆளுகளும் போச்சு" என்றார் ஒரு நாள் வீட்டில்.

"போனாப் போகுது போங்க" என்றாள் மாரக்காள். சங்கு ஊதியவுடனே அடுப்பைப் பற்றவைத்திருந்தாள், சோறு வெந்திருந்தது. "கையக் கழுவிட்டு வாங்க."

ஆடி பிறந்து, கடைசிக் குவியல் பருத்தி அரைபட்டுக்கொண்டிருந்தது. செல்லாத்தாள் காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரிடமோ பின்னால் திரும்பிப் பேசியபடி மெஷின் சந்தில் வந்தாள். அவளுடைய சீலைத் தலைப்பு வலையில் சிக்கியது. வலைக்கு அந்தப் பக்கம் நாலு விரற்கடை தூரத்தில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெடுக்கென்று இழுத்தாள். ஒரு சாண் கிழிந்தது.

"பாருங்க!" என்று கத்தினாள். "உங்க வேலி என்ற சீலையக் கிழிச்சுப் போட்டுது. அஞ்சு பைசாவும் குடுத்துப் போட்டுச் சீலையும் குடுக்கோணுமா நானு? நல்லா வாங்கீட்டு வந்தீங்க வேலி!"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். வலையில் தொங்கிய மஞ்சள் துணிக்கிழிசல் பெல்ட்டின் காற்றில் படபடத்தது. கன்னையன் அதைப் பார்த்தார், அதற்கு அப்பால் ஓடிய பெல்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஊசி நூலு ஆபீஸ்ல இருக்கும், வாங்கித் தாரன் புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு, எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு அடுத்த பேரிங்குக்கு நகர்ந்தார்.